வேங்கடத்துக்கு மேற்கே ஒரு மலையூர்

புரட்டாசி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டின் வடக்குச் சாலைகள் எல்லாம் திருமலையில் போய் முடிகின்றன. சென்னையிலிருந்து திருக்குடைகள் புறப்படுகின்றன. வேலூரிலிருந்தும் திருத்தணியிலிருந்தும் பேருந்துகள் நிரம்பிப் போகின்றன. மஞ்சள் உடுத்திய பாதயாத்திரைக்காரர்கள் இரவெல்லாம் நடக்கிறார்கள். தரிசனம் முடிந்ததும் லட்டுப் பையோடு அத்தனை பேரும் வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். திருப்பதிக்கு மேற்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், பெங்களூரு என்பார்கள். இடையில் இருப்பது நம்மில் பலருக்கு ரயில் ஜன்னலில் கடந்துபோகும் பாறைக்காடு மட்டுமே.

அந்த இடைவெளியில்தான் மதனப்பள்ளி இருக்கிறது. சந்திரகிரி, பாகராபேட்டைக் கணவாய், பீலேரு, வாயல்பாடு என்று மேற்கே ஏறினால் ஏறக்குறைய 125 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரம். அங்கிருந்து இன்னும் முப்பது கிலோமீட்டர் போனால், 1,200 மீட்டருக்கும் மேலே ஹார்ஸ்லி மலை. ஆந்திரத்தின் தென்பகுதியில் இருக்கும் ஒரே மலைவாசத்தலம் இதுதான். ஐப்பசியிலும் கார்த்திகையிலும், மழை ஓய்ந்த நாள் பார்த்து இரண்டு நாள் தங்கிவர இதைவிடப் பொருத்தமான இடம் திருப்பதிப் பக்கத்தில் இல்லை.

ஆனால் இது பயணக்குறிப்பு மட்டும் அல்ல. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இந்த மேட்டு நிலத்துக்குக் காற்று தேடி நான்கு வகை மனிதர்கள் ஏறி வந்திருக்கிறார்கள். வெயிலுக்குப் பயந்த அதிகாரிகள், மூச்சுக்குத் தவித்த நோயாளிகள், நகரத்திலிருந்து விலக நினைத்த ஆசிரியர்கள், இப்போது வாரயிறுதிக்கு வரும் நாம். முதல் மூன்று கூட்டமும் வந்த இடத்தில் ஏதோ ஒரு வேலையைத் தொடங்கிவைத்தது. அந்த வேலைகளின் பயன் தமிழ்நாட்டின் மருத்துவத்திலும் பள்ளிக்கூடத்திலும் இன்றுவரை இருக்கிறது. நாலாவது கூட்டமாகிய நமக்கு அது தெரியாது.

கோடு போட்ட கதை

தெரியாமல் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வேங்கடத்தை வடக்கு எல்லையாக வைத்தது. சங்கப் பாடல்களில் பொருள் தேடிப் போகும் ஆண்கள் வேங்கடத்தைக் கடந்ததும் வேற்றுமொழி நாட்டுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். வீட்டில் காத்திருக்கும் பெண்ணின் கற்பனையும் அந்த மலையோடு நின்றுவிடுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் மனவரைபடத்தில் வேங்கடம் ஒரு சுவர்.

காகிதத்தில் இருந்த வரைபடமோ அடிக்கடி மாறியது. 1800இல் ஹைதராபாத் நிஜாம் கடப்பை, பெல்லாரிப் பகுதிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தபோது மதனப்பள்ளி நாடும் அதில் ஒரு பகுதியாகப் போனது. அதன் முதன்மைக் கலெக்டராக வந்தவர் தாமஸ் மன்றோ. பாளையக்காரர்களை அடக்கியவரும், குடியானவனிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை நிலைநிறுத்தியவரும் அவரே. மதனப்பள்ளி கடப்பை மாவட்டத்தின் தாலுகாவாக இருந்தது; சித்தூரோ வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்தது. 1911 ஏப்ரல் 1 அன்று இரண்டு மாவட்டங்களிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்தெடுத்துச் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. மதனப்பள்ளியும் வாயல்பாடும் கடப்பையிலிருந்து வந்தன. தலைமையிடத்தை இழந்த வட ஆற்காடு, வேலூருக்குக் குடிபெயர்ந்தது.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதோடு போனது. ம.பொ.சிவஞானமும் தமிழரசுக் கழகமும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் திருப்பதிக்காகவும் சித்தூருக்காகவும் திருத்தணிக்காகவும் குரல் கொடுத்தது. எல்லைத் தகராறைத் தீர்க்க நடுவராக வந்த பட்டாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தாலுகாவும், சித்தூர், புத்தூர் தாலுகாக்களின் சில பகுதிகளும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில ஊர்கள் அந்தப் பக்கம் போயின. கிராமத்தை அலகாகக் கொண்டு, பேசும் மொழியைப் பார்த்துப் போட்ட கோடு அது. 2022 ஏப்ரலில் ஆந்திரம் தன் மாவட்டங்களை 26 ஆகப் பிரித்தபோது திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது.

இத்தனை சச்சரவிலும் மதனப்பள்ளியைத் தமிழர் யாரும் கேட்கவில்லை. கேட்க நியாயமும் இல்லை. தெலுங்கும் உருதுவும் பேசும் ஊர் அது; கன்னட நாடு கூப்பிடு தூரம். ஆனால் கேட்காத ஊரை நாம் மறந்தும்விட்டோம். எல்லைப் போராட்டங்கள் ஒரு நிலத்தை நினைவில் வைப்பதுபோலவே, பட்டியலில் சேராத பக்கத்து நிலத்தை மறக்கவும் வைக்கின்றன.

பீடபூமியின் விளிம்பு

கோடுகள் மாறினாலும் மாறாத ஒன்று உயரம். மைசூர்ப் பீடபூமி கிழக்கே சரிந்து இறங்கும் விளிம்பில் இந்த நாடு இருக்கிறது. திருப்பதியில் வியர்த்தவன் பாகராபேட்டைக் கணவாயில் ஏறியதும் காற்று மாறுவதை உணர்வான். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு பாகை குறையும் என்பது பொது விதி. மழை இங்கே அளவாகத்தான் பெய்யும். பெய்த மழை பாறையில் வழிந்து ஏரிகளில் சேரும். செம்மண்ணும் கருங்கல் குன்றும் நடுநடுவே பச்சை வயலுமாக நிலம் விரிந்து கிடக்கும்.

சாலை நெடுகிலும் வரலாறு கிடக்கிறது. சந்திரகிரிக் கோட்டையும் அதன் ராஜமஹாலும் விஜயநகரப் பேரரசின் கடைசிக் காலத் தலைநகரின் மிச்சம். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னையில் இடம் கொடுத்த தாமர்ல நாயக்கர்கள் சந்திரகிரி அரசருக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆகஸ்ட் 22ஐச் சென்னை நாளாகக் கொண்டாடுகிறவர்கள் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டிய இடம் இது. சித்தூர் வழியாகப் போனால், பக்கத்தில்தான் நரசிங்கராயனிப்பேட்டை. 1782 டிசம்பரில் போர்ப் பாசறையில் ஹைதர் அலி இறந்தது அங்கேதான். பலமநேரும், குட்டை மாடுகளுக்குப் பெயர்போன புங்கனூரும் அந்த வழியில் வரும். மதனப்பள்ளிக்கு வடகிழக்கே குர்ரம்கொண்டாக் கோட்டை, கடப்பை நவாபுகள், ஹைதர், திப்பு என்று கை மாறிக்கொண்டே இருந்தது. பீடபூமியையும் கடற்கரைச் சமவெளியையும் ஆள நினைத்த எவரும் இந்தப் படிக்கட்டைப் பிடித்தாக வேண்டியிருந்தது.

தக்காளியும் இந்த உயரத்தின் கொடைதான். சமவெளி வெயிலில் தக்காளிப் பூ உதிரும் மாதங்களிலும் இங்கே காய் பிடிக்கும். மதனப்பள்ளிச் சந்தை ஆசியாவின் பெரிய தக்காளிச் சந்தைகளுள் ஒன்றாக வளர்ந்ததற்கு அது காரணம். 2023 ஜூலை இறுதியில் இங்கே முதல்தரத் தக்காளி கிலோ இருநூறு ரூபாயை நெருங்கியபோது கோயம்பேட்டிலும் விலை எகிறியது. மதனப்பள்ளி என்ற பெயரை இன்றைய தமிழ்ச் செய்தித்தாள் வாசகர் காண்பது பெரும்பாலும் சந்தை விலைப் பக்கத்தில்தான்.

கலெக்டரின் குன்று

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கடப்பைக் கலெக்டராக இருந்த டபிள்யூ.டி.ஹார்ஸ்லி, வெயில் காலத்தில் தங்குவதற்கு இந்தக் குன்றைத் தேர்ந்தெடுத்தார். உச்சியில் வீடு கட்டினார். குன்றுக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்பே அதற்கு ஒரு பெயர் உண்டு: ஏனுகு மல்லம்மா கொண்டா. யானைகள் வளர்த்த பெண் குழந்தை மல்லம்மா, மூலிகையால் மலைவாசிகளின் நோயைத் தீர்த்தாள், ஒரு நாள் மறைந்துபோனாள் என்பது கதை. அவளுக்கு மலைமேல் கோயில் இருக்கிறது, கும்பிடுகிறார்கள். கலெக்டர் வருவதற்கு முன்பே இந்த மலை நோய் தீர்க்கும் மலையாகத்தான் மக்கள் மனதில் இருந்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

ஹார்ஸ்லி செய்ததில் புதுமை ஒன்றும் இல்லை. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் ஊட்டியைக் கட்டினார். 1840களில் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலுக்கு ஏறினார்கள். ஒவ்வொரு மாவட்டத்து வெள்ளை அதிகாரிக்கும் தனக்கென ஒரு குளிர்ந்த குன்று தேவைப்பட்டது. ஊட்டி, சென்னை ராஜதானியின் கோடைத் தலைநகராக வளர்ந்தது. ஹார்ஸ்லி மலையோ ஒரு மாவட்டத்தின் கோடை வீடாகவே நின்றுவிட்டது. அகன்ற மேட்டுநிலமோ, தேயிலைத் தோட்டமோ, மலை ரயிலோ இங்கே இல்லை. வனத்துறை நட்ட யூகலிப்டஸ் மரங்கள் வளர்ந்தன. அவற்றுள் ‘கல்யாணி’ என்று பெயரிட்ட ஒன்றை இன்றும் வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். பாறை விளிம்பான காலிபண்டாவில் காற்று ஆளைத் தள்ளும். வளராமல் போனதுதான் இந்தக் குன்றின் அதிர்ஷ்டம்.

காற்றே மருந்து

மலை உச்சி அதிகாரிகளுக்குப் போக, அடிவாரத்து மேட்டு நிலம் நோயாளிகளுக்கு ஆயிற்று. அமெரிக்க ஆற்காட்டு மிஷனின் மருத்துவப் போதகர் ஜேக்கப் சேம்பர்லேன் 1863இல் மதனப்பள்ளியில் பணியைத் தொடங்கினார். அதே மிஷனிலிருந்துதான் பின்னாளில் ஐடா ஸ்கடரும் வேலூர் மருத்துவமனையும் வந்தன. 1890களின் தொடக்கத்தில் தென்னிந்திய ரயில்வே விழுப்புரத்திலிருந்து காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகத் தர்மாவரத்துக்கு மீட்டர்கேஜ் பாதை போட்டது. மதனப்பள்ளி ரோடு நிலையம் ஊரிலிருந்து தள்ளி இருந்தாலும், காவிரிக்கரைக்காரரும் இந்த மேட்டுக்கு ரயிலில் வர வழி கிடைத்தது.

1912இல், பல மிஷன்கள் ஒன்றுகூடி மதனப்பள்ளியில் காசநோய்க்கான சானடோரியத்தைத் தொடங்கின. டேனிஷ் மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமோட்-மொல்லர் அதைப் பல்லாண்டுகள் நடத்தினார். ஊருக்கு வெளியே அது அமைந்த இடத்துக்கு ஆரோக்கியவரம் என்ற பெயர் வந்தது. காசநோய்க்கு அன்று மருந்து இல்லை. ஓய்வு, உலர்ந்த காற்று, வெயில், பால், முட்டை, இவைதான் சிகிச்சை. திறந்த தாழ்வாரங்களில் நோயாளிகள் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். நம் வீடுகளின் மூத்த தலைமுறைக்கு மதனப்பள்ளி என்றால் இந்த ஆஸ்பத்திரிதான். ஒருவர் அங்கே போயிருக்கிறார் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால், என்ன நோய் என்று மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை. தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928இல் நிறுவிய சானடோரியமும் இதே நம்பிக்கையில் எழுந்தது; அங்கே ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

காற்று காசநோயைத் தீர்த்ததா? தீர்க்கவில்லை என்பதே உண்மை. ஆனால் நோயாளிகள் ஓரிடத்தில் நீண்ட காலம் இருந்ததால் நோயைப் பற்றிய அறிவு அங்கே திரண்டது. சுற்றுக் கிராமங்களில் வீடுவீடாக நோய்க் கணக்கெடுக்கும் ஆய்வுகள் மதனப்பள்ளியில் நடந்தன. 1948இல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி முன்னோட்டமாகப் போடப்பட்ட இடங்களில் மதனப்பள்ளியும் ஒன்று.

கடைசித் தீர்ப்பு சென்னையில் எழுதப்பட்டது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவற்றோடு சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் இருந்தது. மறு பாதி நெரிசலான வீட்டிலேயே இருந்தது. இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். 1959இல் முடிவு வெளியானது: வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் மலைச் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது சேத்துப்பட்டின் அந்த ஆய்வு. ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் முதல் மதனப்பள்ளி வரை காற்றை மருந்தாக நம்பிய நூறாண்டுக் கதைக்கு முற்றுப்புள்ளி வைத்தவர்கள், சென்னையின் குடிசைப் பகுதி நோயாளிகளும் அவர்கள் வீட்டுக்கு மருந்தோடு போன செவிலியரும்தான். டாவோஸ் பனிச்சறுக்குக்கும் பெரும்புள்ளிகளின் மாநாட்டுக்கும் மாறிக்கொண்டது. ஆரோக்கியவரம் பொது மருத்துவமனையாக மாறிச் சுற்றுவட்டார மக்களுக்குப் பணி செய்துகொண்டிருக்கிறது.

கல்லூரிக்கு வந்த விருந்தாளி

மூன்றாவது கூட்டம், பிரம்மஞான சபையின் தலைமையிடமான சென்னை அடையாற்றிலிருந்து வந்தது. 1915இல் அன்னி பெசன்ட் மதனப்பள்ளியில் பிரம்மஞானக் கல்லூரியைத் தொடங்கினார். ராயலசீமைப் பகுதிக்கு அதுதான் முதல் கல்லூரி. அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் அதன் முதல்வராக இருந்தார். அவர் மனைவி மார்கரெட் கசின்ஸ், தம் நாட்டில் பெண்களின் வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர். 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். ஹோம் ரூல் காலத்தின் அரசியல் கொதிப்பு இந்தச் சின்ன ஊரின் வகுப்பறைகளுக்குள்ளும் இருந்தது.

1919 பிப்ரவரியில், தென்னிந்தியச் சுற்றுப்பயணத்தின் இடையில் ரவீந்திரநாத் தாகூர் இங்கே வந்து சில நாள் தங்கினார். கசின்ஸ் தம்பதியின் விருந்தாளி. ஒரு மாலையில் மாணவர்கள் முன்னே ‘ஜன கண மன’ பாடினார். 1911 டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸில் முதலில் பாடப்பட்ட பாட்டு. அதுவரை வங்காளத்துக்கு வெளியே அதிகம் பரவியிருக்கவில்லை. மதனப்பள்ளியில் தங்கியிருந்தபோதே தாகூர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தம் கையால் எழுதிக்கொடுத்தார். 1919 பிப்ரவரி 28 என்று அதில் தேதி இருக்கிறது. மேல்நாட்டு இசை கற்ற மார்கரெட் கசின்ஸ் மெட்டைச் சுரக்குறிப்பாக எழுதிவைத்தார். கல்லூரியில் அது அன்றாடப் பாட்டாயிற்று. 1950 ஜனவரி 24 அன்று அரசியல் நிர்ணய சபை அதை நாட்டுப் பண்ணாக அறிவித்தது.

தேதிகளை ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். மதனப்பள்ளியில் அந்தத் தாளில் கையெழுத்திட்டவர் அன்று ‘சர்’ ரவீந்திரநாத் தாகூர். ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 13 அன்று ஜாலியன் வாலாபாக் படுகொலை. மே மாத இறுதியில் அவர் சர் பட்டத்தைத் துறந்து வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதினார். அந்தக் கொந்தளிப்புக்கு முந்தைய கடைசி அமைதி நாட்களில், ஓய்வாகத் தங்கிய இடத்தில்தான் அந்த மொழிபெயர்ப்பு நடந்தது. ஜேம்ஸ் கசின்ஸ் 1956இல் இதே ஊரில் காலமானார். வந்துபோக வந்தவர் அல்லர் அவர்.

பள்ளத்தாக்கின் பள்ளி

அந்தக் கல்லூரி தொடங்கப்படுவதற்கு இருபது ஆண்டு முன்னால், 1895 மே மாதத்தில், இதே மதனப்பள்ளியில் வருவாய்த் துறை ஊழியர் ஒருவர் வீட்டில் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். 1909இல் குடும்பம் அடையாற்றுக்குப் போனது; அங்கே பிரம்மஞான சபையின் முன்னணியாளர் லெட்பீட்டரின் கண்ணில் பட்ட சிறுவனை உலக குரு என்று அந்தச் சபை கொண்டாடியது. 1929இல், தமக்காக உருவாக்கப்பட்ட அமைப்பையே அவர் கலைத்தார். எந்த அமைப்பும் உண்மைக்கு வழிகாட்டாது என்றவர், தாம் பிறந்த பகுதியில் ஒரு பள்ளியை விட்டுவைத்தார். மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிகொண்டா குன்றின் நிழலில், பெரிய ஆலமரம் ஒன்று நின்ற வறண்ட பள்ளத்தாக்கை 1920களின் நடுவில் தேர்ந்தெடுத்தார்கள். 1930களின் தொடக்கத்தில் பள்ளி அங்கே செயல்படத் தொடங்கியது. ரிஷிவேலி என்று உலகம் அறிந்தது அதைத்தான். பொட்டலாகக் கிடந்த நிலத்தில் மரம் நட்டு, மழைநீரைத் தேக்கி, பறவைகள் திரும்பி வரும்படி செய்தார்கள்.

ரிஷிவேலி வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளி என்பது உண்மை. ஆனால் அதன் கிராமக் கல்வி மையம், சுற்றுக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தியது. பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்து, அட்டைகளின் துணையோடு அவரவர் வேகத்தில் படிக்கும் முறையை அங்கே உருவாக்கினார்கள். அந்த முறையைப் பார்த்துவரத் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் போனார்கள். 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி.விஜயகுமாரின் முயற்சியில் அது செயல்வழிக் கற்றலாக வந்தது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஏணிப்படி அட்டவணையைப் பார்த்துத் தன் அட்டையைத் தானே எடுத்துக்கொண்ட தமிழ்நாட்டுக் குழந்தைகள், மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் வேர்கொண்ட ஒரு முறையில்தான் எழுதப் படிக்கக் கற்றார்கள். அதன் நிறைகுறைகள் பற்றிச் சண்டை இருந்தது, இருக்கட்டும். எல்லைக்கோடு எதையும் தடுக்கவில்லை என்பது இங்கே முக்கியம். சென்னையின் மருத்துவ ஆய்வு மேற்கே போனது. மேற்கின் பள்ளி முறை சென்னைக்கு வந்தது.

வாரயிறுதிக் காலம்

இனி நாலாவது கூட்டம். பெங்களூரிலிருந்து மூன்று மணி நேரத்தில் ஹார்ஸ்லி மலைக்கு வந்துவிடலாம். திருப்பதியிலிருந்து அதைவிடச் சற்றே கூடுதல். சனி, ஞாயிறுகளில் மலைப்பாதையில் கார்கள் வரிசை கட்டுகின்றன. விடுதிகள் கூடுகின்றன. மாநில அரசுகளுக்குச் சுற்றுலா என்றால் அறைகளின் எண்ணிக்கையும் கண்ணாடிப் பாலமும்தான் நினைவுக்கு வருகின்றன.

இதன் முடிவு என்ன என்று ஆந்திரம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தெற்கே பார்த்தால் போதும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரலில், நாளொன்றுக்கு ஊட்டியில் வார நாட்களில் 6,000, வாரயிறுதியில் 8,000, கொடைக்கானலில் 4,000, 6,000 என்று வாகனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி வரம்பு வந்தது. இருநூறு ஆண்டு ஏறியபின் போட்ட தடுப்பு அது. அகன்ற நீலகிரியும் பழனி மலையுமே தாங்கவில்லை என்றால், ஒற்றை முகடான ஹார்ஸ்லி மலை எப்படித் தாங்கும்? கூட்டம் பெருகும் முன்பே வரம்பு வைப்பது, பெருகிய பின் நீதிமன்றம் போவதைவிட எளிது. மலை உச்சியில் புதிய கட்டடங்களுக்கு இடமில்லை என்று இப்போதே சொல்லிவிட்டு, தங்கும் வசதியை அடிவாரத்து மதனப்பள்ளியில் பெருக்கலாம். ஊருக்கும் வருமானம் வரும், மலைக்கும் மூச்சு கிடைக்கும்.

இன்னொன்று. காட்சி முனைகளுக்கு வழிகாட்டும் பலகைகள் நிறைய இருக்கின்றன. நாட்டுப் பண் மொழிபெயர்க்கப்பட்ட கல்லூரி, கிருஷ்ணமூர்த்தி பிறந்த வீடு, ஆரோக்கியவரம் ஆகிய மூன்றையும் ஒரே வழித்தடமாக இணைத்து, அங்கே நடந்தது என்ன என்று தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிவைத்தால் செலவு ஒரு கண்ணாடிப் பாலத்தின் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. அந்த வழித்தடத்தின் சேத்துப்பட்டு முனையைத் தமிழ்நாடு தன் பங்காகச் செய்யலாம். அங்கே நடந்த ஆய்வு எத்தனை கோடிப் பேரின் வாழ்க்கையைத் தொட்டது என்பது சென்னைக்காரர்களுக்கே சரியாகத் தெரியாது.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மேலைநாட்டு மலையூர்களில் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய மாதங்களில் இலைகள் சிவந்து உதிர்வதைப் பார்க்கக் கூட்டம் போகும். நம் காடுகள் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். ஐப்பசியில் மலை பச்சையாக இருக்கும். தமிழ் மரபு இதைக் கூதிர்காலம் என்று வகுத்தது. வெள்ளை அதிகாரிகள் வகுத்த சித்திரை, வைகாசிச் சீசனைவிட இதுவே இந்த மலைக்கு ஏற்ற காலம். புயல் அறிவிப்பு இருந்தால் கிளம்ப வேண்டாம். 2021 நவம்பரில் திருப்பதியையும் கடப்பைப் பக்கத்தையும் புரட்டிப்போட்ட மழையை அந்தப் பகுதி மறக்கவில்லை. தசரா, தீபாவளி விடுமுறைகளையும் வாரயிறுதிகளையும் தவிர்த்துவிடுங்கள். மதனப்பள்ளியில் தங்கி, காலையில் மலை ஏறி, மாலையில் இறங்கிவிடுங்கள். கொண்டுபோன குப்பையைக் கீழே கொண்டுவாருங்கள்.

காற்று வாங்க வந்தவர்கள் செய்த வேலையால்தான் மதனப்பள்ளிக்கு வரலாறு வந்தது. காற்றால் மட்டும் வந்ததல்ல. நம்மால் ஒரு கல்லூரியையோ மருத்துவமனையையோ கட்ட முடியாது. அவை ஏன் அங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டு போகலாம். போன இடத்தைக் கெடுக்காமல் வரலாம். அடுத்த புரட்டாசியில் திருமலை தரிசனம் முடிந்ததும் வந்த வழியே திரும்பாதீர்கள். மதனப்பள்ளி மேற்கே மூன்று மணி நேரம்தான்.